டெஸ்க்டாப் திரையா, பிரவுசர் திரையா: டெல்டா நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மன்னார்குடிப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலை, வாசலில் எடைப்பாலம், திருவாரூரில் கிடங்கு, கும்பகோணத்தில் மொத்த விற்பனைக் கடை, தஞ்சாவூரில் ஆடிட்டர். இப்படி ஒரு நிறுவனம் பழைய கணக்கு சாஃப்ட்வேரை மாற்ற நினைத்தால் இரண்டு வகை விற்பனையாளர்கள் வருவார்கள். ஒருவர் "இனி எல்லாமே கிளவுட்தான் சார்" என்பார். இன்னொருவர் "நெட்டை நம்பி கல்லாவைத் திறக்க முடியுமா?" என்று கேட்பார். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் ஆலையில் எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பது இருவருக்கும் தெரியாது. முடிவு அங்கிருந்துதான் வர வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுக்க மேலே சொன்ன ஆலையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறோம். உரக்கடை, பாத்திரக்கடை, திருபுவனம் பட்டு ஜவுளி மொத்த வியாபாரம் எதுவானாலும் படிகள் இவைதான், சாதனங்கள் மட்டும் மாறும்.

தொடங்கும் முன்: இரண்டு கேள்விகளைப் பிரியுங்கள்

திரை எப்படிப்பட்டது என்பது ஒரு கேள்வி. தரவு எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால்தான் குழப்பம். சேர்த்துப் பார்த்தால் நான்கு ஏற்பாடுகள் கிடைக்கும்.

டெஸ்க்டாப் திரை, தரவு ஆலையிலேயே: டேலி, பிஸி போன்றவை வழக்கமாக ஓடும் விதம். பிரவுசர் திரை, தரவு வெளியே: ஜோஹோ புக்ஸ் போன்ற சந்தா சேவைகள். டெஸ்க்டாப் திரை, தரவு வெளியே: "கிளவுட் டேலி" என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். எங்கோ இருக்கும் சர்வரில் அதே டெஸ்க்டாப் மென்பொருள் ஓடும், அதன் படம் மட்டும் உங்கள் கணினிக்கு வரும்.

நான்காவது, பிரவுசர் திரை, தரவு ஆலையிலேயே. இஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறந்த மூல மென்பொருளை ஆலைக்குள் ஒரு சர்வரில் நிறுவினால், உள்ளே எல்லாரும் பிரவுசரில் வேலை செய்வார்கள், வெளி இணைப்பு அறுந்தாலும் பில் ஓடும். இந்த வழியை விற்பனையாளர்கள் அதிகம் சொல்வதில்லை, மாதச் சந்தா வராது. அதைப் பார்த்துக்கொள்ள லினக்ஸ் தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்திலேயே வேண்டும் என்பதும் உண்மை.

படி 1: நாற்காலிப் பட்டியல் எழுதுங்கள்

ஒரு நோட்டில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வரி. ஒரு நாளில் எத்தனை பதிவு, எதிரே ஆள் காத்திருக்கிறாரா, கணினியோடு என்ன சாதனம் இணைந்திருக்கிறது, திரை உறைந்தால் எத்தனை நிமிடம் தாங்கும்.

எடைப்பால அறையில் சம்பா அறுவடைக் காலத்தில் லாரியும் டிராக்டரும் வரிசை கட்டும். அங்கே தாங்குவது இரண்டு நிமிடம். கும்பகோணம் கடையின் கல்லாவில் ஐந்து நிமிடம் என்று வையுங்கள். கணக்குப்பிள்ளைக்கு அரை நாள் நெட் இல்லாவிட்டாலும் செய்வதற்கு வேறு வேலை உண்டு. முதலாளி கைபேசியில் இருப்பு பார்ப்பதும், ஆடிட்டர் மாதம் இரண்டு முறை பேரேட்டைப் பார்ப்பதும் அவசரமே இல்லாத வேலைகள். ஆனால் அவர்கள் ஆலைக்குள் உட்கார்வதில்லை.

இந்தப் பட்டியல் முடிந்ததுமே பாதி விடை தெரிந்துவிடும். ஆள் காத்திருக்க, சாதனம் இணைந்திருக்கும் நாற்காலிகள் உள்ளூரிலேயே ஓட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பிரவுசர் வேண்டும். முழு நிறுவனத்துக்கும் ஒரே வகைத் திரை என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. தரவு ஒரே இடத்தில் சேர்ந்தால் போதும்.

படி 2: விசைப்பலகை வேகத்தை அளந்து பாருங்கள்

டெமோவில் எல்லா சாஃப்ட்வேரும் வேகமாகத்தான் இருக்கும், ஓட்டுபவர் அதை விற்பவர். உங்கள் கல்லாக்காரரை உட்கார வையுங்கள். போன வாரத்து உண்மையான பில்கள் 20 கொடுத்து, மவுஸைத் தள்ளி வைத்து, நேரம் பாருங்கள். ஒரு பில்லுக்கு 8 விநாடி கூடினால் நாளுக்கு 300 பில்லில் 40 நிமிடம் போகிறது. தீபாவளி வாரத்தில் அந்த 40 நிமிடம் கடைக்கு வெளியே நிற்கும் வரிசையாகத் தெரியும்.

பிரவுசரில் சில விசைகள் பிரவுசருக்கே சொந்தம். கண்ட்ரோலோடு என் (N), டி (T), டபிள்யூ (W) மூன்றையும் சாதாரண டேபில் ஓடும் எந்தச் செயலியும் தன் வசப்படுத்த முடியாது. கண்ட்ரோல்-டபிள்யூ அழுத்தினால் டேப் மூடிக்கொள்ளும், பாதி அடித்த பில்லும் அதோடு போகும். டேலியில் எஃப்5 என்றால் பணம் செலுத்தும் வவுச்சர். பல வருடம் பழகிய கை அதையே பிரவுசரில் அழுத்தினால் பக்கம் மறுபடி ஏறும். நல்ல நிரலாளர் எஃப்5-ஐத் தடுத்து வைத்திருப்பார். வைத்திருக்கிறாரா என்று டெமோவிலேயே அழுத்திப் பாருங்கள். செயலியைத் தனி ஜன்னலாக நிறுவிக்கொண்டால் முகவரிப் பட்டை மறைந்து, தவறி வேறு டேபுக்குப் போவதும் குறையும்.

படி 3: சாதனங்கள்

தேர்வுகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பொறுமையாகப் பார்க்க வேண்டிய படி இது.

*எடைப்பாலம்.* எடை காட்டும் இண்டிகேட்டர் பெட்டியிலிருந்து ஆர்எஸ்-232 என்ற சீரியல் கேபிள் வழியாக எடை எழுத்துகளாக ஓடிக்கொண்டே இருக்கும். டெஸ்க்டாப் மென்பொருள் அந்தக் கேபிள் இணையும் காம் போர்ட்டை நேரடியாகத் திறந்து படித்துவிடும். பிரவுசரால் அப்படி எளிதில் முடியாது. கணினியில் ஓடும் குரோம், எட்ஜ் பிரவுசர்களில் 2021 முதல் வெப் சீரியல் என்ற வசதி இருக்கிறது, ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள். பயனர் ஒரு முறை அனுமதி தர வேண்டும். பக்கம் எச்டிடிபிஎஸ் (மறைகுறியாக்கிய, பாதுகாப்பான) முகவரியில் வர வேண்டும். உள்ளூர் சர்வரை 192.168.1.10 என்று வெறும் எச்டிடிபியில் திறந்தால் எடை வராது, கேமரா திறக்காது, நெட் இல்லாமல் ஓடும் வசதியும் வேலை செய்யாது. "போன வாரம் வந்ததே, இப்ப வரலையே" என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம்: நிரலாளர் தன் கணினியில் லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினியைக் குறிக்கும்) முகவரியில் சோதித்திருப்பார், அதற்கு மட்டும் விலக்கு உண்டு. தீர்வு, சொந்த டொமைன் பெயரில் டிஎன்எஸ் (டொமைன் பெயரை முகவரியாக மாற்றும் பதிவேடு) வழிச் சரிபார்ப்பில் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கி, அந்தப் பெயரை உள் முகவரிக்குத் திருப்புவது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இதை இலவசமாகத் தருகிறது. தானாகப் புதுப்பிக்கும்படி அமைக்காவிட்டால் 90 நாளில் ஒரு காலை எல்லாத் திரையும் எச்சரிக்கை காட்டி நிற்கும்.

இன்னொரு வழி, எடைப்பாலக் கணினியில் மட்டும் ஒரு சிறு இடைநிலை நிரலை ஓடவிடுவது. அது காம் போர்ட்டைப் படித்துப் பிரவுசருக்குக் கொடுக்கும். ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் போட எம்சைனர் என்ற நிரலை உங்கள் கணினியில் நிறுவச் சொல்கிறார்களே, அதே உத்திதான். எடைப்பாலத்துக்கு இந்த வழியே உறுதியானது என்பது எங்கள் கருத்து.

எந்த வழியானாலும் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். பாட் ரேட் (அனுப்பும் வேகம்), பாரிட்டி (பிழை சரிபார்க்கும் முறை) இரண்டும் இண்டிகேட்டர் அமைப்போடு பொருந்த வேண்டும், இல்லையென்றால் எண்ணுக்குப் பதில் கிறுக்கல் வரும். யூஎஸ்பி மாற்றியை வேறு துளையில் செருகினால் காம் எண் மாறிவிடலாம், ஆகவே டிவைஸ் மேனேஜரில் எண்ணை நிலைப்படுத்தி, துளையின் மேல் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கள். லாரி ஆடிக்கொண்டிருக்கும்போது எடை பதிவாகாமல், தொடர்ந்து ஐந்து முறை ஒரே எண் வந்தால்தான் ஏற்க வேண்டும். கடைசியாக, எடைக் கட்டத்தில் கையால் தட்ட முடியக்கூடாது. கேபிள் கழன்ற நாளுக்கென்று கையால் பதியும் வழி ஒன்று வேண்டும்தான், அதற்குத் தனிக் கடவுச்சொல்லும் எடைச் சிட்டையில் "கைப்பதிவு" என்ற அச்சும் இருக்கட்டும். ஆலைகளில் எடை காணாமல் போவது பெரும்பாலும் இந்தக் கட்டம் வழியாகத்தான்.

*பிரிண்டர்.* எப்சன் எல்எக்ஸ்-310, டிவிஎஸ் எம்எஸ்பி 250 போன்ற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் எழுத்துகளை நேரடியாக அனுப்பினால் சடசடவென்று அடித்துத் தள்ளும். டெஸ்க்டாப் மென்பொருளால் அப்படி அனுப்ப முடியும். பிரவுசர் முழுப் பக்கத்தையும் படமாக மாற்றி அனுப்பும், ஊசிகள் படத்தை வரி வரியாகத் தைக்கும். ஒரு சிட்டைக்கு ஆகும் நேரம் பல மடங்கு கூடும், ரிப்பனும் சீக்கிரம் வெளுக்கும். 6 அங்குல உயரத் தொடர் தாளை விண்டோஸின் பிரிண்ட் சர்வர் அமைப்பில் தனி அளவாக உருவாக்காவிட்டால், ஒவ்வொரு சிட்டைக்கும் ஒரு தாள் வீணாக ஓடும். கியூஇசட் டிரே போன்ற இடைநிலை நிரல் போட்டால் பிரவுசரிலிருந்தும் நேரடி எழுத்தை அனுப்பலாம், பிரிண்ட் உரையாடல் பெட்டியும் வராது.

ஒரு விதிவிலக்கு. சிட்டையில் விவசாயி பெயர் தமிழில் வர வேண்டுமென்றால், டாட் மேட்ரிக்ஸின் எழுத்து முறையில் தமிழ் கிடையாது. படமாகத்தான் அடித்தாக வேண்டும், டெஸ்க்டாப் ஆனாலும் சரி. அப்படியானால் 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டருக்கு மாறிவிடுவதே நல்லது, படத்தையும் வேகமாக அடிக்கும். ஆனால் தெர்மல் தாளில் எழுத்து மங்கும். விவசாயி கையில் மாதக்கணக்கில் இருக்க வேண்டிய சிட்டைக்கு அது சரிப்படாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பார்கோடு ஸ்கேனரில் தொல்லை இல்லை. விசைப்பலகை போலவே எழுத்தை அனுப்பும், இரண்டிலும் ஒன்றுதான்.

படி 4: நெட்டும் கரண்டும்

ஒரு வாரம் அளந்த பிறகு பேசுங்கள். பிங் கட்டளையை (வெளியே உள்ள கணினியைத் தட்டி விடை வரும் நேரத்தைக் காட்டுவது) தொடர் முறையில் ஓடவிட்டு, விடைகளை ஒரு கோப்பில் சேருங்கள். சுற்றுநேரம் (கேட்டதற்கு விடை வரும் நேரம்) 80 மில்லிவிநாடிக்குள், இழப்பு (விடை வராதவை) நூற்றுக்கு ஒன்றுக்குள் என்றால் பிரவுசர் மென்பொருளுக்குத் தாராளம். வேகச் சோதனையில் 100 எம்பிபிஎஸ் என்று வருவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பில் போடும் திரைக்கு அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. தேவை, அறுபடாத இணைப்பு.

டெல்டாவில் அறுபடுவதற்கான காரணங்கள் ஊரறிந்தவை. வாய்க்கால் தூர்வாரும் ஜேசிபி, சாலை விரிவாக்கம், ஐப்பசி கார்த்திகை மழைக் காற்றில் சாயும் கம்பம். ஆகவே இரண்டாவது இணைப்பு வேண்டும், அது முதலாவதோடு ஒரே கம்பத்தில் வரக்கூடாது. இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே மின்கம்ப வரிசையில் தொங்கினால் ஒரு மரம் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று ஃபைபர், மற்றொன்று வேறு நிறுவனத்தின் 4ஜி சிம் போட்ட ரூட்டர், நடுவே தானாக மாற்றிவிடும் இரட்டை வான் (WAN, இரண்டு வெளி இணைப்பு ஏற்கும்) ரூட்டர். இதுதான் சரியான அமைப்பு.

கணினிக்கு யூபிஎஸ் போட்டு, ரூட்டரைச் சுவர் பிளக்கில் விட்டுவிடுவது அடிக்கடி பார்க்கும் தவறு. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் சேர்ந்து சுமார் 20 வாட்தான் இழுக்கும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது, நடைமுறையில் மூன்று மணி நேரம் வரும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகல் முழுக்க நீடிக்கும் என்பதால் அன்றைக்கு ஜெனரேட்டர் வரியிலிருந்தே ரூட்டருக்கும் இணைப்பு கொடுங்கள். ஆலைக் கணினிகளில் தவிட்டுத் தூசி விசிறியில் அடைத்து சூடேறி நிற்பதும் உண்டு. சர்வர் ஆலைக்குள்ளேயே இருந்தால் அரவைக் கூடத்துக்கு எட்டத்தில், தனி அறையில் வையுங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது, கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. அப்படிப்பட்ட நாட்களில் எந்தத் திரையும் ஓடாது, அச்சடித்த கைப்பில் புத்தகம்தான். அதற்குப் பிறகுதான் வித்தியாசம் தெரியும். தரவு வெளியே இருந்தால் மறுவாரம் எங்கிருந்தும் திறக்கலாம். ஆலைக்குள் மட்டும் இருந்து, தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியிருந்தால், வேறு ஊரில் பிரதி இருந்தால் மட்டுமே மீளலாம். உள்ளூர் சர்வர் என்று முடிவு செய்பவர்கள் தினமும் ஒரு பிரதியை மறைகுறியாக்கி வெளியே அனுப்ப வேண்டும். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியை வேறு கணினியில் திறந்தும் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நம்ப வேண்டாம்.

படி 5: பழைய டெஸ்க்டாப்பை நெட் வழியாக இழுக்கும் ஆசை

"இருக்கும் சாஃப்ட்வேரையே விபிஎன் போட்டு கும்பகோணத்தில் திறந்தால் என்ன?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். விபிஎன் என்பது இணையம் வழியாக ஆலையின் உள் நெட்வொர்க்கில் சேரும் பாதுகாப்பான பாதை. பழைய டெஸ்க்டாப் நிரல்கள் ஒரு திரையைத் திறக்கவே சர்வரிடம் பல முறை கேள்வி கேட்கும், உதாரணத்துக்கு 200 முறை என்று வையுங்கள். ஆலைக்குள் ஒரு கேள்விக்கு 1 மில்லிவிநாடி, மொத்தம் 0.2 விநாடி, யாருக்கும் தெரியாது. விபிஎன்னில் ஒரு கேள்விக்கு 40 மில்லிவிநாடி என்றால் 8 விநாடி. எத்தனை எம்பிபிஎஸ் வாங்கினாலும் இது குறையாது. ஃபாக்ஸ்புரோ, ஆக்சஸ் போல கோப்பையே பகிரும் நிரல்களில் எழுதும் நடுவே இணைப்பு அறுந்தால் கோப்பு கெட்டும் போகலாம். ஆலைக்குள்ளேயே வைஃபையில் அவற்றை ஓட்டக்கூடாது என்பதும் இதனால்தான், கேபிள் போடுங்கள்.

சரியான வழி, நிரலை சர்வர் பக்கத்திலேயே ஓடவிட்டு ரிமோட் டெஸ்க்டாப்பில் படத்தை மட்டும் கொண்டுவருவது. சாதாரண விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அப்படி நுழையலாம். பலர் நுழைய விண்டோஸ் சர்வரும் ஆளுக்கொரு ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சேவை) உரிமமும் தேவை. இதை உடைக்கும் திருட்டு ஒட்டு நிரல்களைப் போட்டுக் கொடுக்கும் ஆட்களை உள்ளே விடாதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறப்பது அதைவிட மோசம். கணக்குகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் முதலில் தட்டிப் பார்க்கும் கதவுகளில் அது ஒன்று.

படி 6: தமிழ்ப் பெயர்கள்

பழைய தரவு பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால், உள்ளே இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். பிரவுசரில் அவை குப்பையாகத் தெரியும், ஆகவே யூனிகோடுக்கு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். மாற்றிய பட்டியலை ஊர்வாரியாக அச்சிட்டுக் கண்ணால் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

அகரவரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடு எண் வரிசையில் ன, ந-வை ஒட்டியே வருகிறது, நம் வரிசையிலோ அது கடைசி. டேட்டாபேஸை அப்படியே விட்டால் கபிலனுக்கு முன்னால் கனகசபை வந்து நிற்பார். 2,000 விவசாயிகள் பட்டியலில் பெயர் தேடுபவர் "இல்லை" என்று நினைத்து இன்னொரு கணக்கைத் திறந்துவிடுவார். தமிழ் வரிசை அமைப்பு இருக்கிறதா என்று இந்த இரண்டு பெயர்களையே போட்டுச் சோதியுங்கள்.

படி 7: சட்டம் கேட்பவை

ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் 16 எழுத்துக்குள், தொடர்ச்சியாக, அந்த நிதியாண்டில் தனித்து இருக்க வேண்டும். நெட் இல்லாமலும் பில் போடும் கல்லாக்கள் இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடும். ஒவ்வொரு கல்லாவுக்கும் தனி முன்னெழுத்தோடு தனித் தொடர் வையுங்கள், விதி அதை அனுமதிக்கிறது.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற வணிகர்களுக்குப் போடும் வரிக்குரிய பில்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அது அரசுத் தளத்தில் பதிவாகித்தான் தனிக் குறிப்பு எண் பெறும். "டெஸ்க்டாப் என்றால் நெட்டே வேண்டாம்" என்ற வாதம் அங்கே நிற்காது.

பதிவு செய்யப்பட்ட கம்பெனியாக இருந்தால் 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தத் தடம் (எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற குறிப்பு) அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும். கணக்குகளின் பிரதி இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் சேர வேண்டும். கூட்டு நிறுவனத்துக்கும் தனி உரிமையாளருக்கும் இந்த விதி பொருந்தாது, ஆனாலும் திருத்தத் தடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: ஐந்து வருடக் கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்கு போடும் முறைக்கான மாதிரி மட்டுமே, உங்கள் விலைப்புள்ளிகளை இட்டுக்கொள்ளுங்கள். பிரவுசர் சந்தா ஆளுக்கு மாதம் 700 ரூபாய், 10 பேர், 60 மாதம்: 4,20,000. 18% ஜிஎஸ்டி சேர்த்து 4,95,600. இரண்டாவது இணைப்புக்கு மாதம் 600 வீதம் 36,000. மொத்தம் 5,31,600.

டெஸ்க்டாப் பக்கம், வரி உட்பட: உரிமம் 75,000, சர்வர் 1,10,000, யூபிஎஸ் 40,000, நடுவில் ஒரு முறை பேட்டரி 15,000, பராமரிப்பு ஐந்து வருடத்துக்கு 75,000, பிரதி எடுக்கும் டிஸ்க்குகள் 12,000. மொத்தம் 3,27,000. பிரதி எடுக்க ஒருவர் தினம் அரை மணி நேரம் செலவிட்டால் ஐந்து வருடத்தில் 750 மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் வைத்தாலும் 75,000 சேர்ந்து 4,02,000 ஆகிறது.

டெஸ்க்டாப்தான் மலிவு என்று இங்கே நிறுத்திவிடாதீர்கள். பத்து பேரில் நான்கு பேர் பார்க்க மட்டும் செய்பவர்கள் என்றால், பார்வையாளர் கணக்கை இலவசமாகக் கேளுங்கள். கொடுத்தால் 1,98,240 குறைந்து பிரவுசர் செலவு 3,33,360-க்கு இறங்கிவிடும். பேரத்தில் மாதவிலையைவிட இதைத்தான் அழுத்திப் பேச வேண்டும்.

அரிசி ஆலைகள் மறக்கும் ஒன்றும் உண்டு. 25 கிலோ வரை சிப்பமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5% வரி, அதற்கு மேல் இல்லை. சந்தையில் 26 கிலோ மூட்டை பிறந்த கதை அதுதான். 26 கிலோவாகவே விற்கும் ஆலைக்கு விற்பனையில் வரி இல்லை, ஆகவே சந்தாவில் கட்டும் 18%-ஐ உள்ளீட்டு வரவாக (கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) எடுக்க முடியாது. அது முழுச் செலவு. வரி கழித்துச் சொல்லப்படும் விலைப்புள்ளியை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

படி 9: சோதனையும் மாற்றமும்

கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை. பில்லைச் சேமிக்கும் பொத்தானை அழுத்திய அதே நொடியில் கேபிளைப் பிடுங்குங்கள். ஒரு நிமிடம் கழித்துச் செருகி, மறுபடி சேமியுங்கள். பில் ஒன்று இருந்தால் நல்ல மென்பொருள். இரண்டு இருந்தால், மழைக்காலம் முழுக்க இரட்டைப் பில்களை ரத்து செய்துகொண்டிருப்பீர்கள். பத்து முறை செய்து பாருங்கள். வெளியேறும் வழியையும் அன்றே கேளுங்கள்: எல்லாப் பேரேடும், இருப்பும், பில்களும் எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாக உங்கள் கையில் வருமா? "சப்போர்ட்டுக்கு எழுதினால் தருவோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

மாற்றும் நாள், ஏப்ரல் 1. சம்பா, தாளடி வரத்து ஜனவரி முதல் மார்ச் வரை, குறுவை செப்டம்பர் அக்டோபரில், பிறகு தீபாவளி. ஏப்ரலில் வரத்தும் ஓயும், பில் எண்ணும் புதிதாகத் தொடங்கும். மார்ச்சில் இரண்டு வாரம் கணக்கறையில் மட்டும் இரண்டிலும் இணையாகப் பதியுங்கள். கல்லாவில் இரட்டைப் பதிவு நடக்காது, யாரும் செய்ய மாட்டார்கள். எடைப்பாலத்தைக் கடைசியாக மாற்றுங்கள், சுமை குறைந்த ஒரு நாளில், பழைய கணினியைப் பக்கத்திலேயே தயாராக வைத்துக்கொண்டு.

பழைய மென்பொருளைத் தூக்கிப் போட முடியாது. ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், கம்பெனி என்றால் கணக்குகளை எட்டு வருடம். பழைய கணினி விண்டோஸ் 10 என்றால் அதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகவே அதை நெட்டிலிருந்து கழற்றி, பதிவு உரிமையை எடுத்துவிட்டு, பார்ப்பதற்கு மட்டும் வையுங்கள். பேரேடுகளை ஆண்டுவாரியாகப் பிடிஎஃப் ஆக்கி இரண்டு டிஸ்க்கில் எழுதி, ஒன்றை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.